முதல் கோல்ஃப் செட் வாங்கும் முன்: புதியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோல்ஃப் மட்டையை ஆடுகிறவர்கள் கிளப் என்றே சொல்கிறார்கள். இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்வோம். தண்டுக்கு ஷாஃப்ட், கைப்பிடிக்கு கிரிப், பந்தில் படும் தட்டைப் பகுதிக்கு முகம். தலையில் ஷாஃப்ட் வந்து சேரும் பக்கம் குதி, எதிர்ப்பக்கம் நுனி. முகம் எவ்வளவு மல்லாந்து சாய்ந்திருக்கிறது என்பது லாஃப்ட். இடம், வலம் என்று வருகிற இடமெல்லாம் வலக்கை ஆட்டக்காரரை மனதில் வைத்து எழுதியது.

கையில் ஒரு கிளப்கூட இல்லை. முதலில் எதை வாங்குவது?

ஒரு மாதத்துக்கு எதையும் வாங்காதீர்கள். பயிற்சித் திடல்களில் கிளப் வாடகைக்குக் கிடைக்கும். சொல்லிக்கொடுப்பவரும் தன்னிடம் இருப்பதைத் தருவார். ஒரு 7-ம் எண் அயர்னை (ஒல்லியான உலோகத் தலையுள்ள, நடுத்தரத் தூரத்துக்கான கிளப்) எடுத்துக்கொண்டு நாலைந்து வகுப்பு போய் வாருங்கள். எப்படி நிற்பது, எப்படிப் பிடிப்பது என்பதே இன்னும் படியாத உடம்பை வைத்து அளவெடுப்பது, வளர்கிற பிள்ளைக்கு இறுக்கமாகச் சட்டை தைப்பது மாதிரி. அடுத்த மாதம் பற்றாது.

சும்மா இருக்க முடியவில்லை, ஒன்றாவது வாங்கியே தீருவேன் என்றால் அந்த 7-ம் எண் அயர்னையே வாங்குங்கள்.

பையில் 14 கிளப் இருக்க வேண்டுமாமே?

இருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. அதற்கு மேல் இருக்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. 1930-களில் சிலர் 25-க்கும் மேல் அடுக்கிக்கொண்டு வர ஆரம்பித்ததால், 1938-ல் அமெரிக்காவிலும் அடுத்த ஆண்டு மற்ற இடங்களிலும் 14 என்று வரம்பு கட்டினார்கள். மீறினால், ஸ்ட்ரோக் கணக்கில், அதாவது மொத்தம் எத்தனை அடி அடித்தார் என்று எண்ணி ஆடும் போட்டியில், குழிக்கு 2 அடி அபராதம், அதிகபட்சம் 4 அடி.

குறைவாக வைத்து ஆடினால் எதுவும் குறைந்துவிடாது. 1916-ல் சிக் எவன்ஸ் அமெரிக்க ஓப்பனை வென்றபோது அவர் பையில் இருந்தவை ஏழே கிளப். அவை மரத்தண்டு கிளப் வேறு.

புதியவருக்கு ஆறேழு தாராளம். ஒரு 5-ம் எண் வுட் (பெரிய தலையோடு தூரத்துக்கு அடிப்பது) அல்லது ஹைப்ரிட் (வுட்டுக்கும் அயர்னுக்கும் நடுப்பட்டது), அயர்னில் 6, 8 அல்லது 7, 9, பக்கத்துத் தூரத்துக்கு லாஃப்ட் கூடிய ஒரு பிட்சிங் வெட்ஜ், மணலுக்கு ஒரு சாண்ட் வெட்ஜ், ஒரு பட்டர். வேண்டுமானால் அதிகத் தூரத்துக்கு அடிக்கும் டிரைவர். கிளப் குறைவாக இருப்பதில் ஒரு மறைமுக லாபமும் உண்டு: எதை எடுப்பது என்று பைக்குள் தலையை விட்டு யோசிக்கும் நேரம் மிச்சம். பின்னால் நிற்பவர்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

இத்தனை பெயர் எதற்கு? எனக்குப் புரியவே இல்லை.

ஒரே ஒரு சூத்திரம்தான். எண் ஏற ஏற லாஃப்ட் கூடும், ஷாஃப்ட் குட்டையாகும், பந்து உயரமாகப் போய்ப் பக்கத்தில் விழும். எண் இறங்கினால் எல்லாம் தலைகீழ். டிரைவர் 9 முதல் 12 டிகிரி, 5-ம் எண் வுட் சுமார் 18, 7-ம் எண் அயர்ன் 30-ஐ ஒட்டி, பிட்சிங் வெட்ஜ் 45-ஐ ஒட்டி, சாண்ட் வெட்ஜ் 54 முதல் 58. பக்கத்துப் பக்கத்து அயர்ன்களுக்கு இடையே நீளத்தில் அரை அங்குலமும் லாஃப்டில் நாலு டிகிரியும் வித்தியாசம் இருக்கும்.

பட்டர் என்றதும் வெண்ணெய் நினைவுக்கு வந்தால் அது உங்கள் குற்றமில்லை. கிரீன் எனப்படும் மழமழப்பான புல்தரையில் பந்தைக் குழிக்கு உருட்டுவது அதன் வேலை.

எல்லாம் சேர்ந்த பெட்டி செட் நல்லதா, ஒவ்வொன்றாகச் சேர்ப்பது நல்லதா?

பை உட்பட பத்து, பன்னிரண்டு கிளப் ஒன்றாக வரும் செட்டை ஏளனமாகப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அந்த ஏளனம் இல்லை. தெரிந்த நிறுவனங்களின் பெட்டி செட்டுகள் புதியவரை நினைத்தே செய்யப்படுகின்றன: பெரிய தலை, லேசான ஷாஃப்ட், கடினமான நீள அயர்னுக்குப் பதில் ஹைப்ரிட். எது எதோடு ஒத்துப்போகும் என்ற தலைவலி உங்களுக்கு இல்லை.

குறை என்னவென்றால், அளவு ஒன்றுதான். நீங்கள் நல்ல உயரமோ, குள்ளமோ என்றால் பொருந்தாமல் போகலாம். செட்டோடு வரும் பட்டரும் பெரும்பாலும் ஒப்புக்குச் சப்பாணிதான். அதை மட்டும் கொஞ்ச நாளில் மாற்றிவிடத் தோன்றும். வாங்கும் முன் சாண்ட் வெட்ஜ் இருக்கிறதா என்று பாருங்கள். சில செட்டுகளில் அது இருக்காது.

கேவிட்டி பேக், பிளேடு என்கிறார்கள். எந்த அயர்ன் வாங்குவது?

கேவிட்டி பேக். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

பிளேடு என்பது பழைய பாணி: ஒல்லியான தலை, முதுகில் எடை சீராகப் பரவியிருக்கும். பார்க்க நகை மாதிரி இருக்கும். கேவிட்டி பேக்கில் முதுகைக் குடைந்து, அங்கிருந்து எடுத்த எடையை ஓரங்களுக்குத் தள்ளியிருப்பார்கள். காவடித் தண்டை நினைத்துக்கொள்ளுங்கள். வெறும் தண்டைத் தோளில் வைத்துச் சட்டென்று திருப்பிவிடலாம். இரண்டு முனையிலும் குடம் தொங்கினால் அது லேசில் திரும்பாது. முகத்தின் நடுவை விட்டு நுனிப்பக்கமோ குதிப்பக்கமோ பந்து பட்டால் தலை திருகிக்கொள்ளப் பார்க்கும். ஓரத்தில் எடை இருந்தால் அந்தத் திருகல் குறையும்; பந்து கொஞ்சம் தூரம் குறைந்தாலும் போக வேண்டிய திக்கில் போகும். புதியவரின் அடியில் பாதிக்கு மேல் நடுவில் படாது என்பதால் இது பெரிய விஷயம்.

இந்த யோசனையைப் பரவச் செய்தவர் கார்ஸ்டன் சோல்ஹைம் என்ற பொறியாளர். தன் பட்டர் சரிப்பட்டு வராத எரிச்சலில் 1959-ல் எடையை இரு முனைக்கும் ஒதுக்கி ஒரு பட்டர் செய்தார். பந்தில் பட்டதும் 'பிங்' என்று சத்தம் வந்தது. நிறுவனத்தின் பெயரே அதுவாகிவிட்டது.

அழகைப் பார்த்து ஏமாந்த கதை என்னிடமும் இருக்கிறது. நான் முதலில் வாங்கியது ஒரு பிளேடு செட், அதுவும் கெட்டியான ஸ்டீல் ஷாஃப்டோடு. "நல்ல கிளப் வாங்கினால் ஆட்டம் தானாக வரும்" என்று விற்றவர் சொன்னார்; நானும் நம்பினேன். குளிர்காலக் காலையில் நடு தவறிப் பட்ட ஒவ்வொரு அடிக்கும் முழங்கை வரை அதிர்ந்தது. அதில் இருந்த 3-ம் எண் அயர்னை விற்கும்போது அதன் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

கடையில் அடையாளம் காண ஒரு வழி: கிளப்பைத் தரையில் வைத்து, ஆடும்போது நிற்பது போல மேலிருந்து பாருங்கள். மேல் விளிம்பு தடிமனாகவும், அடிப்பாகம் அகலமாகவும், முகம் ஷாஃப்டைவிடச் சற்றுப் பின்தள்ளியும் இருந்தால் அது உங்களுக்கானது. கத்தி மாதிரி மெல்லிசாகத் தெரிந்தால் மரியாதையாகத் திரும்ப வைத்துவிடுங்கள்.

ஸ்டீல் ஷாஃப்டா, கிராஃபைட்டா?

டிரைவர், வுட், ஹைப்ரிட் எல்லாம் கிராஃபைட்தான், அங்கே கேள்வியே இல்லை. அயர்னில்தான் தேர்வு. ஸ்டீல் பொதுவாக 90 முதல் 130 கிராம். கிராஃபைட் பெரும்பாலும் 50 முதல் 80. மெதுவாக வீசுகிறவர், மூட்டு, மணிக்கட்டு வலி உள்ளவர், வயது கூடியவர் கிராஃபைட் எடுக்கலாம். கைக்கு வலுவும் வேகமும் இருந்தால் லேசான ஸ்டீல் போதும், விலையும் குறையும்.

R, S, A என்று எழுதியிருக்கிறதே?

ஷாஃப்ட் எவ்வளவு வளையும் என்பதற்கான குறி. L மிக மென்மை, பிறகு A அல்லது M, பிறகு R, S, கடைசியில் X. டிரைவரை மணிக்கு 85 முதல் 95 மைல் வேகத்தில் வீசுகிறவருக்கு R, அதற்குக் கீழே A, 95-க்கு மேலே S என்பது தோராயக் கணக்கு. வேகம் அளக்கும் கருவி இல்லையென்றால் தூரத்தைப் பாருங்கள்: டிரைவரில் பந்து காற்றில் 200 யார்டைத் தொடவில்லை என்றால் A, 200 முதல் 240 வரை R.

இரண்டு எச்சரிக்கை. இந்த எழுத்துகளுக்குப் பொது அளவுகோல் கிடையாது; ஒரு நிறுவனத்தின் R இன்னொன்றின் S மாதிரி இருக்கும். அப்புறம், "நான் ஆம்பிளை, S-தான் எடுப்பேன்" என்று வீம்பு பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பந்து தாழ்வாகப் போய் வலப்பக்கப் புதரில் குடியேறும். இரண்டுக்கும் நடுவில் தடுமாறினால் மென்மையானதை எடுங்கள்.

என் உயரத்துக்கு நீளம் எப்படித் தெரிந்துகொள்வது?

உயரம் மட்டும் போதாது, கை நீளமும் சேர வேண்டும். ஷூ போட்டு நிமிர்ந்து நின்று, கைகளைத் தளர்வாகத் தொங்கவிட்டு, மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரை வரை இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். 34 முதல் 36 அங்குலம் வந்தால் பெரும்பாலும் கடையில் இருக்கும் நிலையான நீளமே சரி. உயரமானவருக்குக் கை நீளமாக இருந்தால் அவருக்கும் இதே அளவு வரும், ஆச்சரியப்பட வேண்டாம்.

நீளத்தைவிட முக்கியம் லை கோணம், அதாவது கிளப்பின் அடி தரையில் படிந்திருக்கும்போது ஷாஃப்ட் எவ்வளவு சாய்ந்து நிற்கிறது என்பது. இதைச் சோதிக்க ஒரு மார்க்கர் பேனா போதும். பந்தில் ஒரு தடித்த கோடு போட்டு, அந்தக் கோடு முகத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும்படி வைத்து 7-ம் எண் அயர்னால் அடியுங்கள். மை முகத்தில் ஒட்டும். முகத்தில் உள்ள பள்ளக் கோடுகளுக்கு அது செங்குத்தாக இருந்தால் லை சரி. ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் சரியில்லை. கிளப் ரொம்ப நிமிர்ந்திருந்தால் பந்து இடப்பக்கமும், ரொம்பப் படுத்திருந்தால் வலப்பக்கமும் போகும். நீங்களோ வீச்சில்தான் தப்பு என்று நினைத்து மாதக்கணக்கில் அதைத் திருத்திக்கொண்டிருப்பீர்கள். ஒரு அடியை வைத்து முடிவு செய்ய வேண்டாம், பத்து அடி அடித்துப் பாருங்கள். பல அயர்ன்களில் இதைப் பட்டறையில் வளைத்துச் சரிசெய்து தருவார்கள்.

கணினித் திரை, கேமரா வைத்து முழு ஃபிட்டிங் செய்வதெல்லாம் நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு அடியும் ஒவ்வொரு மாதிரி வரும் காலத்தில் அந்த எண்களுக்கு அர்த்தம் குறைவு. சராசரியைவிட உயரமோ குள்ளமோ அதிகமாக இருப்பவர்கள் மட்டும் முதலிலேயே போகலாம்.

எல்லா அயர்னும் ஒரே நீளமாக வருகிறதே, அது எப்படி?

பிரைசன் டிஷாம்போ அப்படித்தான் ஆடுகிறார். 2020-ல் அமெரிக்க ஓப்பனையும் வென்றார். எல்லாவற்றுக்கும் ஒரே நிலை, ஒரே வீச்சு என்பது கவர்ச்சிதான். எண் குறைந்த அயர்னில் தூரம் குறையலாம், எண் கூடிய அயர்னில் உயரம் கூடலாம். அடித்துப் பார்த்துப் பிடித்தால் எடுங்கள். அவரைப் பார்த்து எடுக்காதீர்கள்.

டிரைவர் பற்றிச் சொல்லுங்கள். 9 டிகிரி என்றால் தூரம் போகுமா?

வேகமாக வீசுகிறவருக்குப் போகும். உங்களுக்கு 10.5-க்குக் குறையாமல், முடிந்தால் 12. பந்து எழும்பினால்தான் தூரம். மெதுவான வீச்சில் 9 டிகிரி பந்தை எழுப்பாது. லாஃப்ட் கூடினால் பந்து பக்கவாட்டில் வளைவதும் மட்டுப்படும். கழுத்தில் திருகி லாஃப்டை ஒன்றிரண்டு டிகிரி மாற்றிக்கொள்ளும் டிரைவர்கள் உண்டு, அது கிடைத்தால் நல்லது.

தலை அளவில் யோசிக்க ஒன்றுமில்லை. 460 கன சென்டிமீட்டர் என்ற உச்சவரம்பு 2004 முதல் விதியில் இருக்கிறது; பெரும்பாலானவை அதைத் தொட்டுத்தான் நிற்கின்றன.

நீளம்தான் வில்லன். கடை டிரைவர்கள் 45, 45.5 அங்குலம் வருகின்றன. நீளம் கூடினால் வேகம் கூடும், நடுவில் படும் வாய்ப்பு குறையும். இதைக் கண்ணால் பார்க்கலாம். பாதத்துக்கு அடிக்கும் பவுடர் ஸ்பிரேயை டிரைவர் முகத்தில் லேசாகப் பூசுங்கள், வெள்ளையாகப் படியும். அடித்துவிட்டுத் திருப்பிப் பாருங்கள். பந்து பட்ட இடத்தில் பவுடர் போய் வட்டமாகத் தெரியும். ஆறேழு அடிக்குப் பிறகு அந்த வட்டங்கள் குதிப்பக்கம் கூட்டமாக இருந்தால், பந்து ஏன் வலப்பக்கம் வளைகிறது என்று புரிந்துவிடும். இப்போது கிரிப்பில் ஒரு அங்குலம் கீழே இறக்கிப் பிடித்து அதே அடி. வட்டங்கள் நடுவுக்கு நகரும் வாய்ப்பு அதிகம். தூரத்திலும் நீங்கள் பயந்த அளவுக்கு நட்டம் இருக்காது.

முதல் சில மாதம் டிரைவரே இல்லாமல், 5-ம் எண் வுட்டால் ஆட்டத்தைத் தொடங்குவதும் புத்திசாலித்தனம். 3-ம் எண் வுட் மட்டும் இப்போதைக்கு வேண்டாம். தரையில் கிடக்கும் பந்தை 15 டிகிரியில் எழுப்புவது, பையில் உள்ள வேலைகளிலேயே கஷ்டமான ஒன்று.

3, 4-ம் எண் அயர்ன்?

வேண்டாம். ஹைப்ரிட் எடுங்கள்.

நண்பர் 7-ம் எண் அயர்னில் என்னைவிட 20 யார்டு அதிகம் அடிக்கிறார். அவர் கிளப் நல்லதோ?

இரண்டு கிளப்பின் லாஃப்டையும் கேளுங்கள். ஒரு 7-ம் எண் அயர்ன் 34 டிகிரி, இன்னொன்று 28 டிகிரி என்று இருக்கும். எண்ணை யாரும் தரப்படுத்தவில்லை. தூரம் போவதாகத் தெரிந்தால் விற்கும் என்று நிறுவனங்கள் லாஃப்டைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கின்றன.

இதனால் உங்களுக்கு வரும் சிக்கல் வேறு இடத்தில். அப்படிப்பட்ட செட்டில் பிட்சிங் வெட்ஜ் 43 டிகிரி ஆகியிருக்கும். உங்கள் சாண்ட் வெட்ஜ் 56. நடுவில் 13 டிகிரி ஓட்டை. அந்தத் தூரத்துக்குக் கையில் கிளப்பே இல்லை. 49, 50 டிகிரியில் ஒரு கேப் வெட்ஜ் சேர்த்தால் அடைபடும்.

மணற்குழிக்கு என்று தனிக் கிளப் அவசியமா?

அவசியம். சாண்ட் வெட்ஜின் அடியைப் பார்த்தால், முன்விளிம்பைவிடப் பின்பகுதி தாழ்ந்து உப்பியிருக்கும். இதை பவுன்ஸ் என்பார்கள். படகின் அடி போல அது மணலில் வழுக்கிப் போகும். பிட்சிங் வெட்ஜோ மண்வெட்டி மாதிரி உள்ளே இறங்கி நிற்கும். இந்த அடிப்பாகத்தைப் பிரபலமாக்கியவர் ஜீன் சரசன். கிளப்பின் அடியில் ஈயத்தைப் பற்றவைத்துப் பரிசோதித்தார், 1932-ல் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றபோது அதுவும் பையில் இருந்தது. நீங்கள் 54 அல்லது 56 டிகிரி, பவுன்ஸ் 10 முதல் 14 என்று எடுங்கள். 60 டிகிரி லாப் வெட்ஜ் கைவந்தவர்களுக்கானது.

பட்டர் எதுவானாலும் ஒன்றுதானே?

பார் 72 மைதானத்தின், அதாவது 18 குழியையும் 72 அடியில் முடிக்க வேண்டும் என்று வைத்த மைதானத்தின் கணக்கே, குழிக்கு இரண்டு வீதம் 36 அடி கிரீனில் என்றுதான் போடப்பட்டிருக்கிறது. ஆனாலும் டிரைவருக்கு ஒரு மாதம் அலசுகிறவர்கள் பட்டரை இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடுகிறார்கள்.

நீளம் 33 முதல் 35 அங்குலத்துக்குள் அமையும். நீங்கள் குனிந்து நிற்கும்போது கண், பந்துக்கு நேர் மேலேயோ சற்று உள்ளேயோ இருக்க வேண்டும். அப்புறம் ஒரு விரல் சோதனை. ஷாஃப்டைத் தலைக்குப் பக்கத்தில் ஒரு விரலின் மேல் சமநிலையாகக் கிடத்துங்கள். முகம் வானத்தைப் பார்த்தால் அது நேராகப் பின்னிழுத்து நேராகத் தள்ளுபவருக்கு. நுனி தரையைப் பார்த்துத் தொங்கினால், வளைவாக இழுத்து அடிப்பவருக்கு. எந்த ரகம் என்று தெரியாவிட்டால் பெரிய தலையுள்ள மாலெட் வகையை எடுங்கள். நடு தவறினாலும் அது தாங்கும்.

பழைய கிளப் வாங்கலாமா?

தாராளமாக. டிரைவர் முகத்தின் துள்ளலுக்கும் தலை அளவுக்கும் விதி வரம்பு இருப்பதால், ஐந்தாறு வருடப் பழைய மாடலுக்கும் புதியதற்கும் உங்கள் கையில் பெரிய வித்தியாசம் தெரியாது. விலையில் தெரியும்.

ஆனால் கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். டிரைவரைக் காதோரம் ஆட்டிப் பாருங்கள், உள்ளே எதுவும் கிலுகிலுக்கக் கூடாது. முகத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெட்ஜின் பள்ளக் கோட்டில் நகத்தை இழுத்தால் மாட்ட வேண்டும், வழுக்கினால் தேய்ந்துவிட்டது. கிராஃபைட் ஷாஃப்டில் பையோடு உரசிய ஆழமான தடம் இருந்தால் விட்டுவிடுங்கள், ஒரு நாள் அங்கேயே ஒடியும். ஸ்டீலில் துருப்புள்ளி பரவாயில்லை, ஒடுக்கு இருக்கக் கூடாது. போலிகளும் உலவுகின்றன: எழுத்துப் பதிவு மங்கலாக, பெயின்ட் வழிந்து, புத்தம் புதிய மாடல் பாதி விலைக்கு வந்தால் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

பெண்களுக்கான செட், பிள்ளைகளுக்கான செட்?

பெண்கள் செட் என்பது லேசான, குட்டையான, L ஷாஃப்ட் போட்ட செட், அவ்வளவுதான். நல்ல உயரமும் வேகமும் உள்ள பெண்ணுக்கு ஆண்கள் பிரிவின் A அல்லது R பொருந்தலாம். மெதுவாக வீசும் ஆணுக்கு L ஒத்துவரலாம், நிறத்தைப் பார்த்து வெட்கப்படத் தேவையில்லை. பிள்ளைகளுக்கு அப்பாவின் கிளப்பை வெட்டிக் கொடுக்காதீர்கள். நீளம் குறையும், தலை எடை குறையாது, ஷாஃப்ட் இன்னும் விறைக்கும். உயரத்துக்கு ஏற்றதாக நாலைந்து கிளப் வாங்கிக் கொடுத்தால் போதும்.

நான் இடக்கைக்காரன். வலக்கை செட்டில் பழகலாமா?

வேறொருவர் சொல்லிக்கொடுத்து உங்கள் கையை மாற்றக் கூடாது. கிரிக்கெட் மட்டையோ துடைப்பமோ, எந்தப் பக்கம் இயல்பாக வீசுகிறீர்களோ அந்தப் பக்கம். எழுதும் கையும் வீசும் பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை: ஃபில் மிக்கெல்சன் மற்றதற்கெல்லாம் வலக்கைக்காரர், கோல்ஃப் மட்டும் இடப்பக்கம். இடக்கை ஆட்டத்தில் மேஜர் பட்டம் (கோல்ஃபின் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்று) வென்ற முதல் ஆள் பாப் சார்ல்ஸ், 1963-ல். இடக்கை செட்டில் தேர்வு குறைவு, பழையது கிடைப்பது இன்னும் அரிது. கொஞ்சம் காத்திருக்க வேண்டிவரும்.

கிளப் நன்றாகத்தான் இருக்கிறது, கையில் வழுக்குகிறது. மாற்ற வேண்டுமா?

கிரிப்பை மாற்றுங்கள், கிளப்பை அல்ல. வெந்நீரில் கொஞ்சம் சோப்புப் போட்டுத் தேய்த்துக் காயவைத்தாலே பாதி கிரிப்புகள் உயிர் பெற்றுவிடும். ரப்பர் இறுகிப் பளபளத்துவிட்டால் மாற்றும் நேரம். மாற்றும்போது தடிமனையும் பாருங்கள்: இடக்கையால் பிடித்தால் நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் கட்டைவிரலடி மேட்டை லேசாகத் தொட வேண்டும். உள்ளே குத்தினால் கிரிப் ஒல்லி, இடைவெளி தெரிந்தால் தடிமன்.